யார் எழுப்பலாம்? மன்னார்க் கடற்காகமும் கெர்னலின் உறக்கமும்

2021ஆம் ஆண்டு மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் சிறு பெட்டியொன்று பூட்டப்பட்டது. பறவை ஹியூக்ளின் கடற்காகம் என்ற இனம். அதற்கு வைத்த பெயர் மேகா. பூட்டியவர்கள் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இலங்கைக் களப் பறவையியல் குழுவினரும். ரஷ்யாவின் வட துருவக் கரையிலுள்ள யமல் தீபகற்பம் வரை போன மேகா, பருவம் மாறியதும் மன்னாருக்கே திரும்பிவந்தது. பத்திரிகைகள் பறந்த தூரத்தைக் கண்டு வியந்தன. அந்தப் பெட்டியும் அதே அளவு வியப்புக்குரியது என்பது என் எண்ணம். மாதக்கணக்கில் எவரும் மின்னேற்றாமல், எவரும் தொட்டுப் பார்க்காமல், எப்போது விழிப்பது, எப்போது உறங்குவது என்று தனக்குத்தானே முடிவெடுத்துக்கொண்டு ஒரு மின்னணுச் சாதனம் இரு எதிரெதிர்ப் பருவநிலைகளுக்கு நடுவே உயிரோடு இருந்திருக்கிறது.

பறவையின் உடல் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒரு கிலோ எடையுள்ள கடற்காகத்துக்கு அது 30 கிராம். அதற்குள் பற்றரி, சூரியத் தகடு, ஜி.பி.எஸ். வாங்கி, கைத்தொலைபேசி வலையமைப்போடு பேசும் மோடம், அசைவுமானி எல்லாம் அடங்க வேண்டும். பற்றரியைப் பெரிதாக்கித் தப்பிக்க வழியில்லை. எஞ்சுவது ஒன்றுதான்: பெரும்பாலான நேரம் உறங்குவது, தேவைப்படும்போது மட்டும் விழிப்பது.

இந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஓடுவதில்லை. சிறு நுண்கட்டுப்படுத்தியும் சில ஆயிரம் வரி நிரலும் போதும். ஆனால் நம் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் உள்ளே இயங்குதளத்தின் மையமான கெர்னல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிவரும் கேள்வியேதான் இங்கும் இருக்கிறது. உறங்கும் சாதனத்தை எழுப்பும் உரிமை யாருக்கு? எழுப்பிய செலவை யார் பெயரில் எழுதுவது? கைப்பேசியில் பதில் பிழைத்தால் மாலையில் பற்றரி இறங்கும், அவ்வளவுதான். பறவையின் முதுகில் பிழைத்தால், அந்தப் பருவத்துக்கான தரவே போய்விடும்.

விழிப்பின் விலை

உறக்கம் மலிவு, வேலை செலவு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது செலவு ஒன்று உண்டு: உறக்கத்திலிருந்து வேலைக்கு வரும் வழிச்செலவு. ஜி.பி.எஸ். வாங்கியை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு செய்மதியும் தன் துல்லியமான பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற நத்தை வேகத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு முழுச் சுற்று 1500 பிட். அதாவது 30 விநாடி. அந்த விவரம் ஏற்கெனவே கையிலிருந்து, பழசாகியும் போகவில்லையென்றால், வாங்கி சில விநாடிகளில் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் அரை நிமிடமோ அதற்கு மேலோ கண்விழித்துக் காத்திருக்க வேண்டும். பாதை விவரத்தின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

இதைக் கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆறு மணிக்கொரு முறை விழிக்கும் பெட்டி ஒவ்வொரு தடவையும் பழைய விவரத்தோடு எழுகிறது; தடவைக்கு 30 விநாடி, நாளைக்கு நான்கு தடவை, மொத்தம் 120 விநாடி. மணிக்கொரு முறை விழிக்கும் பெட்டியிடம் விவரம் ஓரளவு புதிதாகவே இருக்கிறது; தடவைக்கு 5 விநாடி என்று வைத்தால் 24 தடவைக்கு அதே 120 விநாடி. இடையிடையே புது விவரம் வாங்கக் கொஞ்சம் கூடுதலாக விழித்திருக்க வேண்டும்தான். இருந்தாலும் ஆறு மடங்கு தரவு ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது. நீண்ட உறக்கம் எப்போதும் சிக்கனம் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

கெர்னலுக்குள்ளும் இதே கணக்குத்தான். இன்றைய செயலிகளுக்குப் பல ஆழங்களில் உறக்கநிலைகள் உண்டு. ஆழம் கூடக்கூட மின்சாரம் குறையும், எழும்ப ஆகும் நேரமும் செலவும் கூடும். ஆகவே ஒவ்வொரு நிலைக்கும், இவ்வளவு நேரமாவது உறங்கினால்தான் இலாபம் என்ற எல்லை ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. 2008இன் தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 2.6.24இல் இதற்கென்று தனி அமைப்பே சேர்ந்தது. அடுத்த டைமர் எப்போது அடிக்கும், கடந்த சில உறக்கங்கள் எவ்வளவு நீண்டன என்பவற்றைப் பார்த்து, எந்த ஆழத்துக்குப் போகலாம் என்று அது ஊகிக்கிறது. ஊகம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். எதிர்காலம் கெர்னலுக்கும் தெரியாது.

ஆழ்ந்த உறக்கத்தின் விலையை இலங்கையர் பெரிய அளவில் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. நீர்மின் நிலையங்கள் விரைவிலேயே மீண்டன. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், திரும்ப எழும்ப நாட்கள் எடுத்தன. அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு. நின்ற இயந்திரத்தை எழுப்பும் நேரமும் ஒரு செலவு என்பதை மின் பொறியியலாளர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினித் துறை அதை மெதுவாகத்தான் கற்றது.

வீணாக எழுப்பியவர்கள்

ஆரம்பகால லினக்ஸ் கெர்னல், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விநாடிக்கு 100 தடவை செயலியைத் தட்டி எழுப்பியது. 2.6 வரிசையில் அது 1000 ஆனது; 2005இல் 250ஆக இறங்கியது. 2007இல் வெளியான 2.6.21தான் வேலையில்லாத நேரத்தில் இந்தத் துடிப்பையே நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே இன்டெல்லின் அர்யான் வான் டி வென் பவர்டொப் என்ற கருவியை வெளியிட்டார். எந்த நிரல் விநாடிக்கு எத்தனை தடவை செயலியை எழுப்புகிறது என்று பெயரோடு பட்டியல் போட்டது அது. கெர்னல் துடிப்பை நிறுத்தியும் பற்றரி மிச்சமாகாததற்குக் காரணம் அந்தப் பட்டியலில் அம்பலமானது: எதுவும் மாறாதபோதும் மாறியதா மாறியதா என்று விநாடிக்குப் பல தடவை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த சாதாரணப் பயன்பாட்டு நிரல்கள். பெயர் வெளியானதும் நிரலாளர்கள் வெட்கப்பட்டுத் திருத்தினார்கள். மின்சிக்கன வரலாற்றில் இதைவிட மலிவான சீர்திருத்தம் வேறு இருக்காது என்பேன்.

செயலியோடு விஷயம் முடிவதில்லை. ஒவ்வொரு சாதனமும் தனித்தனியாக உறங்கவும் விழிக்கவும் வேண்டும். முழுக் கணினியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பயன்படாத கெமராவையோ யு.எஸ்.பி. சாதனத்தையோ மட்டும் உறங்கவைக்கும் பொது அமைப்பு 2009 டிசம்பரில் 2.6.32இல் வந்தது, அதன் முதன்மைச் சிற்பி போலந்துக்காரரான ரஃபால் வைசோக்கி. கணினியை எழுப்பும் திறன் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் 'அனுமதி உண்டு', 'இல்லை' என்ற ஒரு குறிப்பையும் லினக்ஸ் வைத்திருக்கிறது. விசைப்பலகைக்குப் பொதுவாக அனுமதி உண்டு. மவுஸுக்கு இல்லை, மேசை ஆடினாலே கணினி எழுந்துவிடக்கூடாது என்பதால்.

எழுப்பும் திறனை வைத்திருப்பதற்கே செலவு உண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். உறங்கும் கணினியை வலையமைப்பு வழியாக எழுப்ப ஒரு தனிப் பொட்டலம் இருக்கிறது: ஆறு பைட் முழுவதும் ஒன்றுகள், அதைத் தொடர்ந்து அந்தக் கணினியின் வன்பொருள் முகவரி பதினாறு தடவை. வலையமைப்பு அட்டை இதை அடையாளம் காணவேண்டுமானால், மற்றதெல்லாம் அணைந்த பிறகும் துணை மின்சாரத்தில் அது மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேக்லொக் சண்டை

இத்துறையின் மிகக் கசப்பான விவாதம் கைப்பேசியால் வந்தது. அன்ட்ரொயிட்டை உருவாக்கிய கூகுள் பொறியியலாளர்கள் வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். மடிக்கணினியில், மூடியை மூடினால் கணினி உறங்கும். அன்ட்ரொயிட்டில், எவரும் தடுக்காவிட்டால் கணினி எப்போதும் உறங்கும். விழித்திருக்க விரும்பும் நிரல் வேக்லொக் (விழிப்புப் பூட்டு) என்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் விட்டதும் கைப்பேசி முழு உறக்கத்துக்குப் போய்விடும். 2009இல் கூகுளின் ஆர்வெ ஹெனவோக் இதைப் பொது லினக்ஸுக்குள் சேர்க்கக் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல்கள் தாமாகவே சும்மா இருக்கும். ஒழுங்கற்றவற்றைச் சமாளிக்கக் கெர்னலை ஏன் வளைக்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். கடையில் விற்கும் கைப்பேசியில் யார் எந்த நிரலை நிறுவுவார் என்று எவரால் சொல்ல முடியும் என்றார்கள் மறுசாரார். 2010 முழுவதும் சண்டை ஓடியது. அன்ட்ரொயிட்டின் இயக்கிகள் சோதனைப் பகுதியிலிருந்துகூட அகற்றப்பட்டன.

இன்று திரும்பிப் பார்க்கையில் இரு சாராரும் பாதிப் பாதி சரி. முதல் சாரார் நிரலாளர்களைப் பற்றி அளவுக்கு மீறி நல்லெண்ணம் வைத்தார்கள். மறுசாரார் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு பூட்டைக் கொடுத்துவிட்டு, விடமறந்தவர்களைப் பின்னால் ஆண்டுக்கணக்கில் துரத்த வேண்டியிருந்தது. 2015இல் அன்ட்ரொயிட் 6.0 கொண்டுவந்த டோஸ் என்ற ஏற்பாடு அந்தத் துரத்தலின் ஒரு கட்டம்: கைப்பேசி அசையாமல், திரை அணைந்து கிடந்தால், நிரல்கள் கேட்ட விழிப்புகளை அவரவர் நேரத்துக்குத் தராமல் ஒன்றுசேர்த்து எப்போதாவது ஒரு தடவை மட்டும் தருவது.

சண்டைக்குள் உண்மையான ஒரு தொழில்நுட்பச் சிக்கல் ஒளிந்திருந்தது. அதைப் பிரித்தெடுத்ததுதான் வைசோக்கி செய்த பெரிய உபகாரம். கணினி உறங்கப் போக முடிவெடுக்கிறது. முடிவுக்கும் உறக்கத்துக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி. அதே கணத்தில் ஒரு அழைப்பு வருகிறது. இயக்கி அதை வாங்கி மேலே அனுப்பிவிட்டது. ஆனால் மேலே உள்ள நிரல் அதைக் கவனிக்கும் முன்பே எல்லாம் உறைந்துவிட்டது. எழுப்பவேண்டிய சமிக்ஞை வந்து போய்விட்டதால் இனி எதுவும் எழுப்பாது. அழைப்பு, அடுத்த எதேச்சையான விழிப்பு வரை தொண்டைக்குள்ளேயே கிடக்கும்.

2010இல் 2.6.36இல் வந்த தீர்வு அழகானது. எழுப்பக்கூடிய நிகழ்வுகளைக் கெர்னல் ஒரு எண்ணியில் எண்ணிக்கொண்டே வருகிறது. உறங்கவைக்க விரும்பும் நிரல் முதலில் அந்த எண்ணைப் படிக்கிறது. தன் வேலைகளை முடிக்கிறது. பிறகு தான் படித்த எண்ணையே திருப்பி எழுதுகிறது. நடுவில் ஏதாவது நிகழ்ந்திருந்தால் எண் மாறியிருக்கும், எழுதியது ஏற்கப்படாது, உறக்கமும் இல்லை. ஏற்கப்பட்ட பின் நிகழ்ந்தாலும், உறங்கப் போகும் வழியிலேயே கெர்னல் திரும்பிவிடும். பூட்டும் இல்லை, யாரையும் நம்பவேண்டிய தேவையும் இல்லை. இதன் மேல் கட்டி, 2012இல் லினக்ஸ் 3.5 தானியங்கி உறக்கத்தையும் அன்ட்ரொயிட் கேட்டதற்கு இணையான வசதியையும் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு விழிப்பு மூலத்துக்கும் பெயர், எத்தனை தடவை எழுப்பியது, எவ்வளவு நேரம் விழித்திருக்க வைத்தது என்ற பேரேடும் இந்த ஏற்பாட்டில் உண்டு. எனக்கு அந்த எண்ணியைவிடப் பேரேடுதான் முக்கியமாகப் படுகிறது. எழுப்பும் உரிமையைப் பலருக்கும் கொடுக்கலாம், யார் எழுப்பினார் என்பது பதிவாகும் வரை. அப்படியொரு பேரேட்டைப் பொருட்படுத்தாததன் விளைவு, பையில் வைத்த மடிக்கணினியை வெளியே எடுக்கையில் கொதித்துக் கிடப்பது. விண்டோஸ் 8 காலத்தில் தொடங்கிய 'எப்போதும் இணைந்த உறக்கம்' தந்த அனுபவம் இது; மூடிக்குள் எது எழுப்பியது என்று உரிமையாளருக்கு எளிதில் தெரிவதில்லை.

வெளியுலகம் எழுப்பும்போது

விலங்குகளில் பூட்டும் சாதனங்களில், எது எழுப்பவேண்டும் என்ற தெரிவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கடலாமையின் ஓட்டில் ஒட்டும் சாதனத்தில் உப்புநீர் உணரி உண்டு. இரு உலோக முனைகளுக்கு நடுவே கடல்நீர் இருக்கும்வரை மின்னோட்டம் பாயும். ஆமை மூச்செடுக்க மேலே வந்ததும் அது அறுபடும், சாதனம் விழித்து செய்மதிக்குச் செய்தி அனுப்பும். நீருக்குள் ரேடியோ போகாது என்பதால் கடிகாரத்தை வைத்து விழிப்பதில் பொருளில்லை. ஆமையின் மூச்சையே இன்டரப்ட் (உறக்கத்தைக் குறுக்கிடும் சமிக்ஞை) ஆக்கிய இந்த ஏற்பாட்டைவிட நேர்த்தியான விழிப்பு மூலம் ஒன்றை நான் அறியேன்.

பறவைக்கு அப்படியொரு எளிய சமிக்ஞை இல்லை. அதன் பெட்டி தரவைச் சேமித்து, கைப்பேசிக் கோபுரம் எட்டும் இடத்துக்கு வந்ததும் அனுப்புகிறது. இரண்டாம் தலைமுறை மோடம் பேசும்போது கணநேரத்துக்கு இரண்டு அம்பியர் வரை இழுக்கும். கோபுரம் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய விரயம். கடலில் கைப்பேசிப் பற்றரி ஏன் இவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று கேட்கும் மன்னாரின் பேசாலை மீனவருக்கும் இதே பதில்தான். 2019இல் ரஷ்ய ஆய்வாளர்களுக்கு வேறொரு பாடம் கிடைத்தது. மின் என்ற பெயருடைய புல்வெளிக் கழுகு கோடை முழுவதும் கசக்ஸ்தானில் கோபுரம் எட்டாத இடத்தில் இருந்துவிட்டு, நேரே ஈரானுக்குள் பறந்து, சேர்த்துவைத்த நூற்றுக்கணக்கான குறுஞ்செய்திகளை அங்கிருந்து அனுப்பித் தள்ளியது. ஈரானிலிருந்து ஒரு செய்திக்கு 49 ரூபிள். ஆய்வுப் பணம் கரைந்தது. இறுதியில் தொலைபேசி நிறுவனம் கடனைத் தள்ளுபடி செய்தது. எப்போது எழலாம் என்று அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருந்தது, எழுந்த இடத்தில் பேசலாமா என்றுதான் தெரிந்திருக்கவில்லை. ஆதாம் பாலத்தின் மணல் தீடைகளில் இறங்கும் பறவைக்கு இது அயல்நாட்டுக் கதையல்ல. இந்தியக் கரையில் தனுஷ்கோடியில் நிற்பவரின் கைப்பேசியை இலங்கை வலையமைப்பு வரவேற்பது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. இரு கரைக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்தான்.

வரைபடத்தில் ஒரு நேர்கோடு

இப்போது மன்னாரில் இது ஏன் தொழில்நுட்ப ஆர்வத்துக்கு அப்பாலும் போகிறது என்று பார்க்கலாம். மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது: ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன், 30 காற்றாலைக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, சுழலியின் விட்டம் 126 மீற்றர். பிறகு அதானி குழுமம் அங்கே மேலும் 250 மெகாவாற்று கேட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் 2024இல் உயர் நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. அந்த ஆண்டே தீவு மக்கள் புதிய கோபுரங்களுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள். மக்களின் வாதத்தில் வெள்ளமும் மீன்பாடும் காணியும் இருந்தன. அமைப்புகளின் வாதத்தில் மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனை என்ற மன்னாரின் இடம் முன்னே நின்றது. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம்.

பறவை கோபுரங்களுக்கு ஊடாகப் போகிறதா, சுற்றிப் போகிறதா, என்ன உயரத்தில் போகிறது? மேகாவின் பெட்டி போன்ற சாதனத்திடம் கேட்கப்படும் கேள்வி இது. மணிக்கொரு முறை விழிக்கும் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடற்காகம் ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீற்றர் சுலபமாகப் பறக்கும். தீவின் நீளமே முப்பது கிலோமீற்றருக்குள் அடங்கும். இரண்டு விழிப்புகளுக்கு நடுவே பறவை தீவை முழுதாகக் கடந்துவிடலாம்; வரைபடத்தில் இரு புள்ளிகளை இணைத்து ஒரு நேர்கோடு மட்டும் விழும். அந்தக் கோடு பறவை போன பாதையல்ல, பெட்டி உறங்கிய நேரம். கோடு கோபுரங்களைத் தொடாததை வைத்து ஆபத்தில்லை என்று சொல்வதும், தொட்டதை வைத்து ஆபத்து என்று சொல்வதும் ஒரே அளவு பிழை.

உயரத்தில் சிக்கல் இன்னும் மோசம். ஜி.பி.எஸ். உயரக் கணிப்பு கிடைத்தள இடத்தைவிட எப்போதும் துல்லியம் குறைந்தது; அவசரமாக விழித்து முதல் விடையை எடுத்துக்கொண்டு உறங்கிவிட்டால் பிழை கூடும். இன்னும் சில விநாடி விழித்திருந்தால் திருந்தும். அந்தச் சில விநாடிதான் பற்றரியிடம் இல்லாதது.

பருவமும் எதிராக நிற்கிறது. வலசைப் பறவைகள் மன்னாரில் இருப்பது ஐப்பசியிலிருந்து சித்திரை வரை. அதன் முதல் பாதி வடகீழ்ப் பருவமழைக் காலம், வானம் மூடியிருக்கும். சூரியத் தகட்டை நம்பும் பெட்டி பற்றரி இறங்க இறங்க விழிப்புகளைத் தள்ளிப்போடுமாறு எழுதப்பட்டிருக்கும். துருவக் கோடையில் சூரியன் மறைவதேயில்லை, யமலில் அதே பெட்டி தாராளமாக விழிக்கலாம். ஆக, நீதிமன்றத்தில் கேள்வி எழும் கரையில் தரவு ஐதாகவும், கேள்வியே எழாத கரையில் அடர்த்தியாகவும் சேரக்கூடும். புள்ளிகளின் அடர்த்தியைப் பறவையின் விருப்பமென்று வாசிப்பவர் மின்சாரத்தின் விருப்பத்தைத்தான் வாசிக்கிறார்.

வழிகள் இல்லாமலில்லை. ஒரு எல்லைக்குள் பறவை நுழைந்ததும் விழிப்பு இடைவெளியைக் குறுக்கும் கற்பனை வேலியைப் பல சாதனங்களில் போட முடியும். மன்னார்த் தீவைச் சுற்றி அப்படியொன்று போட்டு, அசைவுமானி சிறகடிப்பை உணரும்போது மட்டும் சில நிமிடங்களுக்கு அடுத்தடுத்து இடம் எடுக்கச் செய்து, மணலில் இருக்கும்போது மணிக்கணக்கில் உறங்கவிடலாம். இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கேள்வி எழுந்த பிறகு பழைய தரவுக்குள் புதுப் புள்ளிகளைப் புகுத்த முடியாது. கெர்னல் வைத்திருக்கும் பேரேடு போன்ற ஒன்றும் தரவோடு வெளிவர வேண்டும்: ஒவ்வொரு புள்ளியும் கடிகாரத்தால் எடுக்கப்பட்டதா, அசைவால் எடுக்கப்பட்டதா, அப்போது பற்றரி எவ்வளவு, திட்டமிட்ட எந்த விழிப்புகள் பற்றரிக்காகக் கைவிடப்பட்டன. சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையில் அழகிய வரைபடத்துக்குப் பின்னிணைப்பாக இந்த அட்டவணையையும் கேட்பது வாசகரின் உரிமை.

இதற்கிடையில் எழுப்பும் அதிகாரம் கெர்னலையும் பெட்டியையும் தாண்டி வெளியே நகரத் தொடங்கியிருக்கிறது. ஜெர்மனியின் மார்ட்டின் விக்கெல்ஸ்கி வழிநடத்திய இக்காரஸ் திட்டத்தில், விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வரும் நேரத்தைக் கணித்துப் பெட்டிகள் விழித்தன. நிலையத்தின் ரஷ்யப் பகுதியிலிருந்த வாங்கி, உக்ரேன் போர் தொடங்கியதையடுத்து 2022 மார்ச்சில் பேச்சை நிறுத்தியது. பெட்டிகள் நேரத்துக்கு விழித்தாலும் கேட்க ஆளில்லாமல் போனது. சிறு சாதனங்களுக்கான நான்காம் தலைமுறை வலையமைப்புகளில் நீள்உறக்க வசதி ஒன்று உண்டு: மோடம் இத்தனை மணி நேரம் அல்லது நாள் எட்டாமல் இருப்பேன் என்று கேட்கும், கேட்ட காலத்தைக் குறைத்தோ கூட்டியோ இறுதி எண்ணைத் தருவது வலையமைப்பு. வசதியே இல்லாத வலையமைப்பு எதுவும் தராது. மன்னாரிலிருந்து வடக்கே போகும் பறவை ஒவ்வொரு நாட்டின் எல்லையிலும் இந்தப் பேரத்தைப் புதிதாகப் பேச வேண்டியிருக்கும்.